கெர்னல் வளர்ந்த கதை: உறுப்பின் முகவரியிலிருந்து உடலைக் காணும் உபாயம்

யூனிக்ஸ் கெர்னல் அசெம்பிளி மொழியை விட்டுச் சி மொழிக்குக் குடிபெயர்ந்த வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். கட்டமைப்பு என்னும் வசதி சி மொழியில் இடம்பெறுவதற்கு முன்னரே, 1972-ல், கென் தாம்ஸன் அம்மொழியில் கெர்னலை எழுதத் தொடங்கி முயற்சியைக் கைவிட்டார் என்பதையும், டென்னிஸ் ரிச்சி கட்டமைப்புகளைச் சேர்த்த பின்னரே 1973-ஆம் ஆண்டுக் கோடையில் அக்காரியம் கைகூடியது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வெவ்வேறு வகைப்பட்ட தரவுகளை ஒரே தொகுதியாகப் பிணைத்து, அத்தொகுதிக்கு ஒரு பெயரும் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரும் அளிக்கும் அந்த வசதியே, நிரலாளர்கள் வாயில் 'ஸ்ட்ரக்ட்' என்று இன்றும் வழங்குவது. அதிலிருந்து பிறந்து, கெர்னல் நிரலில் அன்றாடப் பிரயோகமாகிவிட்ட ஓர் உபாயத்தின் வரலாறே இந்த இதழின் விஷயம்.

ஒரு கட்டமைப்பின் தொடக்க முகவரி தெரிந்திருந்தால், அதன் உறுப்பு எங்கே இருக்கிறது என்று காண்பதில் சிரமம் எதுவும் இல்லை. தொடக்கத்திலிருந்து எத்தனை பைட்டு தள்ளி அந்த உறுப்பு அமைந்திருக்கிறது என்பதைக் கம்பைலர் அறியும்; தொடக்க முகவரியோடு அந்தத் தொலைவைக் கூட்டினால் உறுப்பின் முகவரி கிடைத்துவிடும். சி மொழியில் எழுதுகிற எவரும், அப்படியொரு கூட்டல் நடக்கிறது என்ற பிரக்ஞையே இல்லாமல், நாள்தோறும் எத்தனையோ முறை அதைச் செய்விக்கிறார்கள். கெர்னலில் அடிக்கடி நேர்வதோ இதற்கு நேர் எதிரான நிலைமை. கையில் இருப்பது உறுப்பின் முகவரி; வேண்டியிருப்பது அந்த உறுப்பைத் தன்னுள் கொண்ட முழுக் கட்டமைப்பின் முகவரி. கட்டமைப்பு 5000 என்ற முகவரியில் தொடங்குகிறது என்றும், குறிப்பிட்ட உறுப்பு அதனுள் 160 பைட்டு தள்ளி அமைந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நம்மிடம் வந்து சேர்வது 5160 என்ற எண் மட்டுமே. அதிலிருந்து 160-ஐக் கழித்தால் 5000 வந்துவிடும். உபாயம் முழுவதும் இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும், இன்ன கட்டமைப்பின் இன்ன உறுப்பு நான் என்று சொல்லும் அடையாளம் எதுவும் 5160 என்ற அந்த எண்ணுக்குள் கிடையாது. கழிப்பவர் சரியான தொலைவைத்தான் கழிக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்றே அதற்கு ஆதாரம். அந்த நம்பிக்கையைக் கம்பைலரின் கண்காணிப்புக்குள் சிறிது சிறிதாகக் கொண்டுவர ஐம்பது ஆண்டுகளாக நடந்த முயற்சிகளையே நாம் இங்கே பின்தொடரப் போகிறோம்.

இத்தகைய தலைகீழ் நிலைமை ஏன் நேருகிறது என்றால், பெரும்பாலும் பட்டியல்களே காரணம். ஓடுகின்ற செயல்முறைகள், திறந்திருக்கும் கோப்புகள், வட்டுக்குக் காத்திருக்கும் வேண்டுகோள்கள் என்று கெர்னல் எதை எடுத்தாலும் அதைப் பட்டியலிட்டே நிர்வகிக்கிறது. பட்டியல் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. பட்டியலின் கண்ணிகளைத் தனியே உருவாக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் உரிய பொருளைச் சுட்டும் ஒரு பாயிண்டரை வைப்பது முதலாவது. பாடப்புத்தகங்கள் பலவும் இதைத்தான் கற்பிக்கின்றன. சாதாரண நிரல்களுக்கு இது போதும். கெர்னலுக்கோ இது இரண்டு வகையில் தீங்கானது. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கண்ணிக்காக நினைவகம் கேட்க வேண்டும். அந்த வேண்டுகோள் நிறைவேறாமல் போகலாம். நினைவகம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத இடங்களில், உதாரணமாக வன்பொருள் குறுக்கீட்டைக் கையாளும் தருணத்தில், அது பெரும் சங்கடம். மேலும், கண்ணியைத் தொட்டு அதன் வழியே பொருளைத் தொடும்போது நினைவகத்தை ஒருமுறைக்கு இருமுறை நாட வேண்டியிருக்கிறது. ஆகவே கெர்னல் எழுதியவர்கள் இரண்டாவது வழியையே ஆதிமுதல் மேற்கொண்டார்கள்: பட்டியலில் பிணைக்கும் இணைப்பைப் பொருளின் உள்ளேயே ஓர் உறுப்பாக வைத்துவிடுவது. ரயில் பெட்டியின் கொக்கி பெட்டியோடு சேர்ந்தே இருப்பதைப் போல, பொருள் பிறக்கும்போதே அதன் இணைப்பும் பிறந்துவிடுகிறது. பிறகு சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ நினைவகம் எதுவும் வேண்டுவதில்லை.

இந்த வழியின் பூர்வாங்க வடிவத்தை 1975-ல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் காணலாம். வட்டிலிருந்து படித்த 512 பைட்டுத் தொகுதிகளை வைத்துக்கொள்ள அப்பதிப்பில் இயல்பாக இருந்த பஃபர்கள் 15 மட்டுமே. ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு தலைப்புக் கட்டமைப்பு. அதற்குள் இரண்டு ஜோடி இணைப்புகள். எந்தச் சாதனத்தின் தொகுதியை அந்தப் பஃபர் தாங்கியிருக்கிறதோ அச்சாதனத்தின் பட்டியலில் ஒரு ஜோடி அதனைப் பிணைத்தது; பயன்பாடின்றி மறுஉபயோகத்துக்குத் தயாராக இருந்தால், வெறும் பஃபர்களின் பட்டியலில் மற்றொரு ஜோடி பிணைத்தது. ஒரே பொருள் ஒரே சமயத்தில் இரண்டு பட்டியல்களில் நிற்கும் இந்த ஏற்பாடு பிற்காலக் கெர்னல்கள் அனைத்துக்கும் முன்மாதிரி. இணைப்புகள் ஒவ்வொன்றும் அடுத்த பஃபரின் தொடக்கத்தையே சுட்டியமையால், கழித்தலுக்கு அங்கே அவசியம் எழவில்லை.

ஆனால் பட்டியலின் தலையில் ஒரு பிரச்சினை இருந்தது. வட்டமாகச் சுற்றிவரும் பட்டியலின் தலை பஃபர் அல்ல, சாதனத்தைப் பற்றிய வேறொரு கட்டமைப்பு. அப்படியிருக்கக் கடைசிப் பஃபரின் இணைப்பு அதனை எப்படிச் சுட்டுவது? அதற்கு அவர்கள் கண்ட உபாயத்தை நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. பஃபர் கட்டமைப்பின் முதல் உறுப்பு நிலைக்குறிகளைத் தாங்கிய ஒரு முழுஎண்; பிடிபி-11 இயந்திரத்தில் அதற்கு இரண்டு பைட்டு. அதனை அடுத்து முன்னிணைப்பும் பின்னிணைப்பும் வருகின்றன. சாதனக் கட்டமைப்பின் முதல் இரண்டு உறுப்புகள் ஒவ்வொரு பைட்டு கொண்டவை. இரண்டும் சேர்ந்து இரண்டு பைட்டு. அவற்றை அடுத்து அதே பெயருடைய முன்னிணைப்பும் பின்னிணைப்பும். ஆக, இரு கட்டமைப்புகளிலும் இணைப்புகள் தொடக்கத்திலிருந்து மிகச்சரியாக ஒரே தொலைவில் அமைகின்றன. பட்டியலைச் சுற்றிவரும் நிரலுக்குத் தலையும் ஒரு பஃபராகவே தோற்றமளிக்கிறது. இணைப்புகளை மட்டும் தொடுகின்ற வரையில் அந்தத் தோற்றத்தால் தீமை ஒன்றும் இல்லை. அக்காலத்துக் கம்பைலரும் இதனை ஆட்சேபிக்கவில்லை. எந்தப் பாயிண்டரோடும் எந்தக் கட்டமைப்பின் உறுப்புப் பெயரையும் சேர்த்து எழுத அன்றைய சி மொழி இடம் கொடுத்தது. உறுப்பின் பெயர் என்பது அன்று ஏறக்குறைய ஒரு தொலைவின் பெயராகவே இருந்தது. யூனிக்ஸ் கட்டமைப்புகளின் உறுப்புகளுக்கு ஓரிரண்டு எழுத்து முன்னொட்டு இட்டு ஒன்றோடொன்று மோதாமல் காத்ததற்கு இதுவே காரணம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜான் லயன்ஸ் இந்தப் பதிப்புக்கு எழுதிய வியாக்கியானம் 1996 வரையில் முறையான புத்தகமாக வெளிவராமல், நகல்களாகவே உலகெங்கும் உலவியது. ஒரு தலைமுறைக் கெர்னல் எழுத்தாளர்கள் இத்தகைய நுட்பங்களைக் கற்றது அந்த நகல்களிலிருந்துதான். அந்நூலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அடுத்து வந்த வாக்ஸ் இயந்திரங்கள் பட்டியலில் சேர்ப்பதையும் நீக்குவதையும் தனித்தனி இயந்திரக் கட்டளைகளாகவே அளித்தன. பொருளின் முதல் இரண்டு சொற்களே இணைப்புகள் என்று அக்கட்டளைகள் கொண்டமையால், பெர்க்லி யூனிக்ஸில் செயல்முறைக் கட்டமைப்பு தன் இணைப்புகளைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டது. தொடக்கத்தில் இருக்கும் உறுப்பின் முகவரியும் கட்டமைப்பின் முகவரியும் ஒன்றே. கழிக்க வேண்டிய தொலைவு சுழி. ஆனால் தொடக்கம் என்பது ஒரு கட்டமைப்புக்கு ஒன்றுதானே! அதே பொருளை இரண்டாவது பட்டியலிலும் அதே பொதுக்கருவியால் பிணைக்க வேண்டுமானால், இரண்டாவது இணைப்பு நடுவில்தான் இருந்தாக வேண்டும். அப்போது கழித்தலைத் தவிர்க்க இயலாது. டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து 1988-ல் மைக்ரோசாஃப்டுக்கு வந்த டேவ் கட்லரின் தலைமையில் உருவாகி, 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்.டி. கெர்னல் அந்தக் கழித்தலை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் சுட்டும் இரண்டே பாயிண்டர்கள் கொண்ட ஒரு சிறு கட்டமைப்பு. அதனைப் பொருளின் எந்த இடத்திலும் உறுப்பாக வைக்கலாம். உறுப்பின் முகவரியைக் கொடுத்தால் முழுப்பொருளையும் மீட்டுத்தர 'கன்டெய்னிங் ரெக்கார்ட்' என்றொரு மேக்ரோ. அதே ஆண்டில் வெளியான 4.4 பி.எஸ்.டி. வேறு பாதையில் சென்று, மேக்ரோக்களின் உதவியால் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உரிய வகையுள்ள இணைப்புகளையே உண்டாக்கிக்கொண்டது. அது மதிக்கத்தக்க பாதை. நம் கதை அவ்வழியில் செல்லவில்லை.

கழிக்க வேண்டிய தொலைவை எப்படி அறிவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டமைப்பு சுழி என்ற முகவரியில் இருப்பதாகப் பாவித்து, அதன் உறுப்பின் முகவரியைக் கேட்டால், விடையாக வரும் எண்ணே தொலைவு. அந்தச் சுழி முகவரியில் உண்மையில் எதுவும் படிக்கப்படுவதில்லை. இந்தப் பாவனை நெடுங்காலம் கைவழக்கமாக இருந்துவந்தது. அதற்கு 'ஆஃப்செட் ஆஃப்' என்ற பெயரைக் கொடுத்து மொழியின் அங்கமாக்கியது 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர நிர்ணயம்.

இனி லினக்ஸுக்கு வருவோம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பில் செயல்முறைகளின் பட்டியல் 64 இடங்கள் கொண்ட ஓர் அணியாக இருந்தது. பொதுவான பட்டியல் கருவி எதுவும் இல்லை. கெர்னல் வளர வளர, ஒவ்வொரு பகுதியை எழுதியவரும் தமக்கு வேண்டிய முன்னிணைப்பையும் பின்னிணைப்பையும் தாமே அமைத்துக்கொண்டு, சேர்க்கும் நிரலையும் நீக்கும் நிரலையும் தாமே எழுதினார்கள். ஐநோட் என்னும் கோப்பு விவரக் கட்டமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, 2.0 பதிப்பில் அதனுள் இரண்டு பட்டியல்களுக்காக நான்கு தனித்தனிப் பாயிண்டர்கள் கிடந்தன. ஒரே காரியத்தை நூறு இடங்களில் நூறு விதமாக எழுதினால் பிழைகளும் நூறு இடங்களில் பிறக்கும். 2.1 என்ற வளர்ச்சித் தொடரில் இந்நிலை மாறியது. 'லிஸ்ட் ஹெட்' என்ற சிறு கட்டமைப்பு வந்தது: இரண்டு பாயிண்டர்கள், அவ்வளவே, இன்றைய 64-பிட் இயந்திரத்தில் 16 பைட்டு. பட்டியலின் தலையும் அதே வகை, ஒவ்வொரு பொருளுக்குள் உறையும் இணைப்பும் அதே வகை. இணைப்பு அடுத்த பொருளைச் சுட்டுவதில்லை. அடுத்த பொருளுக்குள் இருக்கும் இணைப்பையே சுட்டுகிறது. ஆறாம் பதிப்பைப் போல் தலையைப் பொருளாக வேஷம் போடவைக்க வேண்டிய நிர்ப்பந்தம் இதனால் நீங்கியது. அதற்கு ஈடாக, இணைப்பிலிருந்து பொருளுக்குச் செல்ல 'லிஸ்ட் என்ட்ரி' என்ற மேக்ரோவும் உடன் வந்தது. இணைப்பின் முகவரி, கட்டமைப்பின் வகை, உறுப்பின் பெயர் ஆகிய மூன்றையும் கொடுத்தால், தொலைவைக் கணக்கிட்டுக் கழித்துத் தரும் அந்த மேக்ரோவை 1999 ஜனவரியில் வெளியான 2.2 பதிப்பு உலகுக்குக் கொண்டுசென்றது.

இந்த மேக்ரோவில் ஒரு பலவீனம் இருந்தது. பைட்டு பைட்டாகக் கழிக்க வேண்டும் என்பதற்காக, தன்னிடம் வரும் பாயிண்டர் எந்த வகையாயினும் அதனைப் பைட்டைச் சுட்டும் பாயிண்டராக அது முதலிலேயே மாற்றிவிடும். மாற்றியவுடன் வகையைப் பற்றிய ஞானம் கம்பைலரை விட்டு அகன்றுவிடுகிறது. இணைப்பின் முகவரியைக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த முகவரியைத் தாங்கிய பாயிண்டரின் முகவரியை ஒருவர் கைதவறிக் கொடுத்துவிட்டாலும், அது வாய்பேசாமல் அதே தொலைவைக் கழித்து, எங்கோ ஒரு முகவரியைத் தந்துவிடும்.

2002-ல், 2.5 வளர்ச்சித் தொடரில் அறிமுகமாகி, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பின் வழியே நிலைபெற்ற 'கன்டெய்னர் ஆஃப்' மேக்ரோ இந்தப் பலவீனத்தைப் பெருமளவு போக்கியது. இரண்டே வரிகளில் முடிந்துவிடும் அந்த மேக்ரோவின் முதல் வரியில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. உறுப்பு எந்த வகையோ அந்த வகையைச் சுட்டும் ஒரு தற்காலிகப் பாயிண்டரை அறிவித்து, வந்த முகவரியை முதலில் அதில் இட்டுப் பார்க்கிறது அந்த வரி. உறுப்பின் வகையைக் கண்டறிய ஜி.சி.சி. கம்பைலர் தன் சொந்த விரிவாக அளிக்கும் 'டைப் ஆஃப்' என்ற வசதியைப் பயன்படுத்துகிறது. வகை பொருந்தாவிட்டால் அங்கேயே கம்பைலர் எச்சரிக்கும். இரண்டாம் வரி பழைய கழித்தல். தற்காலிகப் பாயிண்டரில் ஒருமுறை இட்டுவிடுவதனால், கொடுக்கப்பட்ட கோவை இருமுறை கணக்கிடப்பட்டுவிடும் ஆபத்தும் இல்லை. இந்தச் சோதனைக்காக ஓடும் நேரத்தில் செலவு ஏதும் உண்டா என்றால், இல்லை. தற்காலிகப் பாயிண்டர் கம்பைலரின் கணக்கிலேயே மறைந்துவிடும். கழித்தலும்கூடப் பல வேளைகளில் மறைந்துவிடுவதைக் காணலாம். மேலே சொன்ன 5160 உதாரணத்தில், கட்டமைப்பை மீட்டு அதில் 40 பைட்டு தள்ளி இருக்கும் வேறோர் உறுப்பைப் படிக்க வேண்டும் என்றால், 160-ஐக் கழித்து 40-ஐக் கூட்டுவதற்குப் பதிலாக, 5160-க்கு 120 பைட்டு முன்னால் படி என்ற ஒரே கட்டளையைக் கம்பைலர் எழுதிவிடுகிறது.

பட்டியலுக்காகப் பிறந்த உபாயம் பட்டியலைத் தாண்டிச் சென்றதே இந்த வரலாற்றின் விசேஷமான பகுதி என்று நான் கருதுகிறேன். 2001 ஜனவரியில் வெளியான 2.4 பதிப்பின் ஐநோட்டைப் பாருங்கள். எக்ஸ்ட்2, மினிக்ஸ் என்று ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும், எல்லாருக்கும் பொதுவான விவரங்களோடு தனக்கென்று பிரத்தியேகமான விவரங்களும் உண்டு. அவற்றை வைக்க 2.4 பதிப்பின் ஐநோட் தன் கடைசியில் ஒரு பொதுவறையை வைத்திருந்தது. கெர்னல் அறிந்த கோப்பு முறைமைகள் பலவும் அந்த ஒரே இடத்தைத் தத்தம் வடிவில் பங்குபோட்டுக்கொண்டன. விளைவு என்னவென்றால், அவற்றுள் மிகப் பெரியதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தை மிகச் சிறிய கோப்பு முறைமையின் ஒவ்வோர் ஐநோட்டும் சுமந்தது. அந்த அறையில் இடம் பெற விரும்பும் புதிய கோப்பு முறைமைக்காகப் பொதுத் தலைப்புக் கோப்பையே திருத்த வேண்டியிருந்தது. பொதுவான ஒன்று, தன்னைப் பயன்படுத்தும் தனித்தனியானவற்றையெல்லாம் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டிய இந்த அமைப்பு இயற்கைக்கு மாறானது.

2.5 தொடரில் உள்ளும் புறமும் இடம் மாறின. ஐநோட்டுக்குள் எக்ஸ்ட்2-வின் விவரங்களை வைப்பதை விடுத்து, எக்ஸ்ட்2-வின் கட்டமைப்புக்குள் ஐநோட்டை ஓர் உறுப்பாக வைத்தார்கள். ஐநோட்டைச் சிருஷ்டிக்கும் பொறுப்பும் அழிக்கும் பொறுப்பும் அந்தந்தக் கோப்பு முறைமைக்கே மாற்றப்பட்டன. எக்ஸ்ட்2 தனக்கு வேண்டிய அளவில் முழுக் கட்டமைப்பை உண்டாக்கி, அதற்குள் இருக்கும் ஐநோட்டின் முகவரியை மட்டும் பொது அடுக்குக்குக் கொடுக்கிறது. பொது அடுக்கு அந்த முகவரியை வைத்துத் தன் காரியங்களைச் செய்கிறது. அதனைச் சூழ்ந்திருப்பது என்ன என்று அது அறியாது, அறிய வேண்டியதும் இல்லை. பின்னர் எக்ஸ்ட்2-வின் நிரலை அழைக்கும்போது அதே ஐநோட் முகவரியைத் திருப்பிக் கொடுக்கிறது. எக்ஸ்ட்2 செய்யும் முதல் காரியம், ஒரே வரியில் அமைந்த ஒரு சிறு செயற்கூறை அழைத்து, கன்டெய்னர் ஆஃப் மேக்ரோவின் உதவியால் தன் முழுக் கட்டமைப்பை மீட்டுக்கொள்வது. பொருள்நோக்கு மொழிகள் மரபுரிமை என்ற பெயரில் இலக்கணமாகவே அளிக்கும் வசதியை, சி மொழியில் ஒரு கழித்தல் அளித்துவிடுகிறது. அதே தொடரில் உருவான சாதன மாதிரியும் இவ்வழியையே பின்பற்றியது, பி.சி.ஐ. சாதனமாயினும் யு.எஸ்.பி. சாதனமாயினும், அதற்குள் பொதுச் சாதனக் கட்டமைப்பு ஓர் உறுப்பாக உறைந்திருக்கிறது.

பிற பகுதிகளும் தொடர்ந்தன. பின்னர் செய்யும்படி ஒதுக்கிவைக்கும் வேலைகளுக்கான கட்டமைப்பில், வேலை செய்யும் செயற்கூறுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு பாயிண்டர் முன்பு இருந்தது. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பில் டேவிட் ஹவல்ஸ் அதனை நீக்கினார். வேலைக் கட்டமைப்பின் முகவரியே செயற்கூறுக்குச் செல்லும், எஞ்சியதைக் கழித்தல் கண்டுகொள்ளும் என்றாயிற்று. நேரங்காட்டிகளிலும் இதே மாற்றத்தை 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் கீஸ் குக் முடித்துவைத்தார். அவர் நாடியது பாதுகாப்பு. அழைக்க வேண்டிய செயற்கூறின் முகவரியும் அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பும் அருகருகே கிடந்தால், நினைவகத்தை அத்துமீறி எழுதும் பகைவனுக்கு இரண்டும் ஒருசேர அகப்பட்டுவிடும். இரண்டாவதை அகற்றிவிட்டால் அவன் வேலை கடினமாகும்.

இவ்வளவு அனுகூலங்களைத் தந்த உபாயத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வகை பொருந்துகிறதா என்று கம்பைலர் பார்க்கும். 2017-ல் இயன் அபட் செய்த திருத்தத்துக்குப் பின், பொருந்தாவிட்டால் எச்சரிக்கையோடு நில்லாமல் பிழையென்றே நிறுத்தியும் விடும். ஆனால் ஒரே கட்டமைப்பில் ஒரே வகையான உறுப்புகள் இரண்டு இருந்தால்? செயல்முறைக் கட்டமைப்பில் 'சில்ட்ரன்', 'சிப்ளிங்' என்ற இரண்டு லிஸ்ட் ஹெட்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது என் பிள்ளைகளின் பட்டியலுக்குத் தலை. பின்னது என் பெற்றோரின் பிள்ளைகள் பட்டியலில் என்னைப் பிணைக்கும் இணைப்பு. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காண வேண்டுமானால், என் சில்ட்ரன் தலையிலிருந்து தொடங்கி, கிடைக்கும் ஒவ்வோர் இணைப்பையும் சிப்ளிங் என்று கொண்டு கழிக்க வேண்டும். பிள்ளைகளைத்தானே தேடுகிறோம் என்று எண்ணி, கழிக்கும் இடத்திலும் சில்ட்ரன் என்றே எழுதிவிடுவது புதியவர்களுக்கு மிக இயல்பாக நேரக்கூடியது. இரண்டும் ஒரே வகையாதலால் கம்பைலருக்கு அதில் குறை தென்படாது. 64-பிட் இயந்திரத்தில் கழிக்க வேண்டியதில் 16 பைட்டு குறைந்துவிடும். கிடைக்கும் முகவரி உண்மையான தொடக்கத்துக்கு 16 பைட்டு அப்பால் நிற்கும். அதன்பின் எந்த உறுப்பைப் படித்தாலும் 16 பைட்டு தள்ளியிருக்கும் வேறு எதையோ படிப்பதாக முடியும். நிரல் உடனே விழுந்துவிட்டால் பாக்கியம். விழாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இதனினும் நுட்பமான குறை ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லார் கண்ணெதிரிலும் இருந்துவந்தது. பட்டியலைச் சுற்றிவர லினக்ஸ் அளிக்கும் மேக்ரோ, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த இணைப்பை எடுத்து, கழித்து, பொருளின் முகவரியை ஒரு மாறியில் இடுகிறது. கடைசிப் பொருளுக்கு அடுத்த இணைப்பு பட்டியலின் தலை. சுற்றுவது முடிந்தது என்று மேக்ரோ அறிந்துகொள்வதே தலையை அடைந்தவுடன்தான். ஆனால் அதற்குள் தலையின் முகவரியிலிருந்தும் கழித்தல் நடந்து, விடை மாறியில் ஏறிவிடுகிறது. தலை எந்தப் பொருளுக்குள்ளும் உறுப்பாக இல்லை. இருந்தாலும் வேறு வகைப் பொருளுக்குள்ளோ, அதே வகைப் பொருளின் வேறோர் உறுப்பாகவோ இருக்கும். ஆகவே அந்த மாறியில் இருப்பது இல்லாத ஒரு பொருளின் முகவரி. அது சுழியும் அல்ல. சுழியாக இருந்திருந்தால் சோதித்தாவது பார்க்கலாம். ஆறாம் பதிப்பில் தலை பஃபராக வேஷம் தரித்தபோது, அந்த வேஷத்துக்கேற்ப உறுப்புகளை அளந்து வைத்திருந்தார்கள். இங்கேயோ தலையைச் சூழ்ந்து அளந்து வைத்தது எதுவும் இல்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து விரியே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த யாகோப் கோஷல், 2022 பிப்ரவரியில் இதனைத் தீவிரமாக எடுத்துரைத்தார். செயலி ஊகத்தின் பேரில் முன்னோடி நிறைவேற்றும் கட்டளைகளில் இந்தப் பொய் முகவரி விளைவிக்கும் கசிவே அவருடைய தொடக்கக் கவலை. ஆராய ஆராய, ஊகம் ஒருபுறமிருக்க, சுற்று முடிந்தபின் அந்த மாறியை மெய்யாகவே பயன்படுத்தும் நிரல்கள் கெர்னலில் பல இருப்பது வெளிப்பட்டது. டோர்வால்ட்ஸ் நோயின் மூலத்தைச் சுட்டினார். 1989-ஆம் ஆண்டுச் சி மொழியில், சுற்றுக்குரிய மாறியைச் சுற்றின் வாயிலிலேயே அறிவிக்க வழியில்லை. வெளியே அறிவித்தாக வேண்டும். வெளியே அறிவித்தது சுற்று முடிந்த பின்னும் உயிரோடிருக்கும். மாறியைச் சுற்றுக்குள்ளேயே பிறந்து மடியும்படி செய்தால், பின்னர் அதனைத் தொடுவதையே கம்பைலர் தடுத்துவிடும். அதற்கு மொழியின் பதிப்பையே உயர்த்த வேண்டும். ஆர்ன்ட் பெர்க்மன் அந்த மாற்றத்தை எழுதினார். 2022 மே மாதம் வெளியான 5.18 பதிப்பில், லினக்ஸ் கெர்னல் 1989-ஆம் ஆண்டின் சி மொழியை விட்டு 2011-ஆம் ஆண்டின் சி மொழிக்கு வந்து சேர்ந்தது. கெர்னல் முழுவதன் மொழியையும் பெயர்த்து வைத்த அந்த முடிவுக்கு உடனடிக் காரணமாக அமைந்தது, ஒரு பட்டியலின் ஓரத்தில் நடந்த ஒரு பொருத்தமற்ற கழித்தல் என்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மொழி உயர்ந்ததால் வேறொரு நன்மையும் கிடைத்தது. மாற்றக்கூடாது என்று முத்திரையிட்ட உறுப்பின் முகவரியைக் கொடுத்தாலும், கன்டெய்னர் ஆஃப் அந்த முத்திரையைக் களைந்துவிட்டு, மாற்றத்தக்க கட்டமைப்பின் முகவரியைத் தந்துவந்தது. முத்திரையைக் காக்கும் மாற்று மேக்ரோவை, 2011-ஆம் ஆண்டுச் சி மொழியின் வகைத்தேர்வு வசதியைக் கொண்டு எழுதி, 6.2 பதிப்பில் சேர்த்தார்கள். கோஷலும் அவருடைய சகாக்களும் இந்தப் பிழையினத்துக்குக் கன்டெய்னர் குழப்பம் என்று பெயரிட்டு, கெர்னலில் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளை இயற்றி, 2023-ஆம் ஆண்டின் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் தம் ஆய்வை வெளியிட்டார்கள். வெறும் பட்டியலில் முதல் பொருளைக் கேட்டு, தலையையே பொருளாகப் பெற்று ஏமாறும் நிரல்களும் அவ்வாராய்ச்சியில் அகப்பட்டன.

கெர்னலுக்கு நிரல் எழுத முன்வரும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லினக்ஸ் மூல நிரலில் கன்டெய்னர் ஆஃப் மேக்ரோ இப்போது தனக்கென்று ஒரு சிறு தலைப்புக் கோப்பில் இருக்கிறது. அதனையும், அதற்கடுத்து லிஸ்ட் ஹெட்டுக்குரிய தலைப்புக் கோப்பையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். பட்டியலில் ஒன்றைத் தேடும் நிரலை எழுதும்போது, தேடிக் கிடைத்ததை வைக்க வேறொரு மாறியை அமைத்து, சுற்று தொடங்குமுன் அதில் சுழியை இட்டு, கிடைத்தால் மட்டுமே அதில் முகவரியை ஏற்றுங்கள். சுற்று முடிந்தபின் சுற்றுக்குரிய மாறியைத் தொடாதீர்கள்.